உயிரணுவுக்குள் ஒரு கடிகாரம்

திருப்பூர் வட்டாரத்திலிருந்து இந்த இதழைப் படிக்கும் மாணவர்களில் பலருடைய வீட்டில், இரவுப் பணிக்குச் செல்பவர் ஒருவராவது இருப்பார். நிட்டிங் இயந்திரங்கள் இரவிலும் ஓடுகின்றன. சாயப்பட்டறைக் கொதிகலன்கள் இரவிலும் அணைவதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கத்து நூற்பாலைகளில் மூன்று ஷிப்டு வேலை. இரவு முழுவதும் நின்று உழைத்தவர் காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறார். களைப்புக்குக் குறைவில்லை. சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகப் படுக்கிறார். ஆனால் பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு புரண்டாலும் உறக்கம் பிடிப்பதில்லை. இது ஏன்?

வெயில், தெருச்சத்தம், வீட்டு வேலை என்று காரணம் சொல்லலாம். அவையும் காரணங்கள்தாம். ஆயினும் ஓசை புகாத இருட்டறையில் படுக்க வைத்துப் பார்த்தாலும், பகல் உறக்கம் இரவு உறக்கத்துக்கு ஈடாவதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உறக்கத்தைத் தீர்மானிப்பது களைப்பு மட்டுமன்று. உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது 'பகல்' என்று காட்டும்போது உடலின் வெப்பநிலை ஏறுகிறது. மூளை விழிப்புக்குத் தயாராகிறது. 'இரவு' என்று காட்டும்போது வெப்பநிலை இறங்கி, விடியற்காலை நாலைந்து மணி வாக்கில் மிகத் தாழ்ந்த அளவை அடைகிறது.

கடிகாரம் என்ற சொல்லை வெறும் உவமையாக இங்கே ஆளவில்லை. பௌதிகப் பாடத்தில் தனி ஊசலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஊசலுக்கு அலைவு நேரம் உண்டு, கட்டம் உண்டு. இந்த உயிர்க் கடிகாரத்துக்கும் அவை இரண்டும் உண்டு. இதை முன்னே தள்ளலாம், பின்னே தள்ளலாம். பழுதுபட்டால் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும், நின்றும் போகும். அதன் பற்சக்கரங்கள் எவை என்பதுகூட இன்று பெரும்பாலும் தெரிந்துவிட்டது.

புளிய இலையும் தொட்டாற்சிணுங்கியும்

புளியமரத்தின் சிற்றிலைகள் மாலையில் குவிவதையும் காலையில் விரிவதையும் பார்த்திராதவர் நம்மில் இருக்க முடியாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையில் பணியாற்றிய ஆண்ட்ரோஸ்தனிஸ் என்பவர், இன்றைய பஹ்ரைன் தீவில் இதைக் கண்டு குறித்து வைத்தார். பார்த்தவர் எல்லாரும், வெயில் வந்தால் இலை விரிகிறது, போனால் குவிகிறது என்று எண்ணியதில் வியப்பில்லை.

1729இல் தெ மெய்ரான் என்ற பிரெஞ்சு வானியலார் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியை எடுத்து வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். வெயிலே படாத நிலையிலும் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன. இரவு நேரத்தில் குவிந்தன. நீங்களும் ஒரு தொட்டியில் இச்செடியை வளர்த்து, ஒரு நாள் மட்டும் அலமாரிக்குள் வைத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது செடியில் கை படக்கூடாது. பட்டால் அது வேறு காரணத்துக்காகக் குவிந்துவிடும்!

1930களில் எர்வின் பூன்னிங் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் அவரைக் குலச் செடிகளை இவ்வாறு இருட்டில் வைத்து அளந்தார். சுழற்சி சரியாக 24 மணி இல்லை. செடிக்குச் செடி சற்று வேறுபட்டது. வெவ்வேறு அலைவு நேரம் கொண்ட செடிகளைக் கலந்தபோது பிறந்த செடிகளுக்கு இடைப்பட்ட அலைவு நேரம் இருந்தது. அதாவது, அலைவு நேரம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. பூமியின் சுழற்சியை எப்படியோ உணர்ந்து செடி அசைகிறது என்று வாதிட்டவர்களுக்கு இது தக்க பதிலாயிற்று. பூமியின் சுழற்சி எல்லாச் செடிக்கும் ஒன்றுதானே!

சரியாக 24 இல்லாமல் அதை ஒட்டியே இருப்பதால், ஏறத்தாழ ஒரு நாள் என்று பொருள்படும் இலத்தீன் சொற்களைக் கொண்டு 'சர்க்கேடியன்' சுழற்சி என்று 1959இல் இதற்குப் பெயரிட்டனர். நாளுக்குப் பத்து நிமிடம் பிசகும் கைக்கடிகாரத்தை வைத்திருப்பவர் என்ன செய்வார்? தினமும் காலையில் ஆலைச் சங்கு ஊதும்போது அதைத் திருத்தி வைப்பார். உயிர்க் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைக்கும் சங்கு, ஒளி.

மதுரைக் குகையில் ஒரு சோதனை

இந்தத் துறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர் எம்.கே. சந்திரசேகரன் (1937-2009). ஜெர்மனியில் டியூபிங்கன் நகரில், பூன்னிங் இருந்த பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுத்த விலங்கு எலியோ முயலோ அன்று. பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த குகையில் தொங்கிய, பூச்சி தின்னும் சிறு வௌவால். என் கருத்தில் இதைவிட நல்ல தேர்வு இருந்திருக்க முடியாது. குகையின் உட்பகுதியில் இரவும் பகலும் ஒரே இருட்டு. வெப்பநிலையிலும் பெரிய மாற்றம் இல்லை. மற்றவர்கள் பெருஞ்செலவில் கட்டவேண்டிய ஆய்வுக்கூடத்தை இயற்கை அங்கே கட்டி வைத்திருந்தது.

அந்த இருட்டில் தொங்கும் வௌவால்கள் அந்தி சாயும் வேளையில் தவறாமல் வெளியே கிளம்புகின்றன. வெளியே அந்தி சாய்ந்தது உள்ளே எப்படித் தெரிகிறது? சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்து முதலிய அவருடைய மாணவர்களும் ஒரு வௌவாலைக் கூண்டில் இட்டுக் குகைக்குள்ளேயே வைத்தனர். அது அசையும் நேரமெல்லாம் பதிவாகும்படி கருவி பொருத்தினர். கூண்டு வௌவாலுக்கு வெளிச்சமே தெரியாது. ஆயினும் மற்றவை வெளியேறும் அதே நேரத்தில் அதுவும் நாள்தோறும் சுறுசுறுப்படைந்தது. அடுத்து, வேறு வௌவால்களே இல்லாத குகையில் ஒன்றைத் தனியாக வைத்தனர். அதன் கடிகாரம் ஓடியது. ஆனால் 24 மணியிலிருந்து விலகி, நாளுக்கு நாள் வெளியுலகத்தோடு பொருந்தாமல் நழுவிக்கொண்டே போயிற்று. ஆக, இருட்டிலிருந்த வௌவாலுக்குக் கடிகாரத்தைத் திருத்தியது அதன் கூட்டம். 1978இலும் 1981இலும் வெளியான இம்முடிவுகள் உலகெங்கும் கவனிக்கப்பட்டன. இதில் இன்னொரு சுவையும் உண்டு. வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை இதே கூட்டத்தின் நடுவில் கூண்டிலிட்டபோது அதன் கடிகாரம் திருந்தவில்லை. அயலார் ஊதும் சங்கு அதற்குக் கேட்கவில்லை போலும்.

அந்தக் கூட்டத்துக்கு நேரம் சொல்வது யார்? வெளியே பறந்து திரும்பும் வௌவால்களின் கண்ணில் அந்தியின், விடியலின் வெளிச்சம் சிறிது படுகிறது. எவ்வளவு சிறிது போதும் என்று காண திலீப் ஜோஷியும் சந்திரசேகரனும் ஒரு சோதனை செய்து 1984இல் வெளியிட்டார்கள். இருட்டிலிருந்த வௌவாலின் மீது, புகைப்படக் கருவியில் பளிச்சென்று மின்னுமே, அதுபோன்ற ஒளிவீச்சு ஒன்றைப் பாய்ச்சினார்கள். அது நீடித்த நேரம் 0.5 மில்லி விநாடி. அதாவது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கே கடிகாரம் இடம் மாறியது.

சந்திரசேகரன் அதே பல்கலைக்கழகத்தில், சன்னலோ கடிகாரமோ வானொலியோ இல்லாத அறைகளை மனிதருக்காகவும் அமைத்தார். தன்னார்வலர்கள் நாள் கணக்கில் அங்கே தனித்து வாழ்ந்தார்கள். பசித்தபோது சாப்பிட்டார்கள், தூக்கம் வந்தபோது விளக்கை அணைத்தார்கள். வௌவாலைப் போலவே அவர்களுடைய சுழற்சியும் வெளியுலக நாளிலிருந்து நழுவியது. சிலருக்கு ஒரு 'நாள்' 24 மணியைவிட வெகுவாக நீண்டது. எத்தனை நாள் கழிந்தன என்ற கணக்கே அவர்களுக்குத் தவறிப்போகும்.

ஒரே ஒளி, எதிரெதிர் விளைவு

இனித்தான் நம் கட்டுரையின் முடிச்சு வருகிறது. இருட்டில் வாழும் ஓர் உயிரின் மீது சிறிது நேரம் ஒளி பாய்ச்சுகிறோம். அதன் கடிகாரப்படி முன்னிரவாக இருக்கும்போது பாய்ச்சினால் கடிகாரம் பின்தங்குகிறது. மறுநாள் அது சற்றுத் தாமதமாக விழிக்கும். பின்னிரவாக இருக்கும்போது அதே ஒளியைப் பாய்ச்சினால் கடிகாரம் முந்துகிறது. மறுநாள் முன்னதாகவே விழிக்கும். பகலாக இருக்கும்போது பாய்ச்சினால் குறிப்பிடும்படியாக ஒன்றும் நேர்வதில்லை. வௌவால், பழ ஈ, பறக்கும் அணில், மனிதன் என்று எதை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். சந்திரசேகரன் ஜெர்மனியில் பழ ஈக்களை வைத்து இதை நுணுக்கமாக அளந்தவர்களுள் ஒருவர்.

ஒளி ஒன்று, அளவு ஒன்று, விளைவு மட்டும் நேர் எதிர். ஊஞ்சலைத் தள்ளுவதோடு இதை ஒப்பிடலாம். நம்மை விட்டுப் போகும்போது தள்ளினால் வேகம் கூடும். நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் குறையும். விசை ஒன்றே, அது எந்தக் கட்டத்தில் படுகிறது என்பதே வேறுபாடு. ஊஞ்சலில் பலகையும் கயிறும் தெரிகின்றன. உயிரணுவுக்குள் ஆடுவது எது? வௌவாலை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. விடை கிடைத்தது வாழைப்பழத்தை மொய்க்கும் ஈயில்.

நேரம் தவறிய ஈக்கள்

பழ ஈ தன் கூட்டுப்புழு நிலையிலிருந்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் வெளிவரும். அந்தக் குளிர்ந்த, ஈரமான வேளை அதன் மெல்லிய சிறகுக்கு ஏற்றது. அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சர் என்ற அறிஞரிடம் ரொனால்ட் கொனாப்கா என்ற இளைஞர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். பென்சர் முதலில் பௌதிகம் படித்து, பிறகு உயிரியலுக்குச் சென்றவர் என்பதை ஒரு பௌதிக ஆசிரியன் சொல்லாமல் விட முடியுமா! ஈக்களின் மரபணுக்களில் வேதிப்பொருளால் சடுதி மாற்றங்களை உண்டாக்கி, நேரம் தவறி வெளிவரும் ஈக்களைத் தேடினார் கொனாப்கா. இவ்வளவு சிக்கலான நடத்தையை ஒரே மரபணு ஆள முடியுமா என்று பலர் ஐயுற்றனர்.

மூன்று வகை ஈக்கள் கிடைத்தன. ஒன்றின் நாள் 19 மணி. இன்னொன்றின் நாள் 28 மணி. மூன்றாவதற்கு நாள் என்பதே இல்லை. அது கண்ட நேரத்தில் வெளிவந்தது. இம்மூன்று மாற்றங்களும் ஒரே மரபணுவில் நேர்ந்தவை என்று தெரிந்தபோதுதான் அறிவியல் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 1971இல் வெளியான இக்கட்டுரையில் அந்த மரபணுவுக்கு 'பீரியட்' என்று பெயர் வைத்தார்கள். அலைவு நேரம் என்று பொருள்.

1984இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் இருவரும், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யங்கும் அந்த மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தனர். அது உண்டாக்கும் புரதத்தை 'பெர்' என்று அழைப்போம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. 19 மணி ஈயில் அச்சங்கிலியின் ஒரே ஒரு கண்ணிதான் மாறியிருந்தது. நாளே இல்லாத ஈயில் சங்கிலி பாதியில் அறுபட்டிருந்தது. ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பென்சர் 2007இல் மறைந்தார். கொனாப்கா 2015இல் மறைந்தார். மறைந்தவர்களுக்கு அப்பரிசு இல்லை. முதல் கதவைத் திறந்தவர் கொனாப்கா என்பதை நீங்களாவது நினைவில் வையுங்கள்.

பனியன் கம்பெனிக் கணக்கு

ஒரு புரதம் எப்படிக் கடிகாரமாகும்? 1990இல் பால் ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் மூவரும் ஒரு செய்தியைக் கண்டனர். மரபணுவிலிருந்து புரதம் உண்டாக வேண்டுமானால், இடையில் தூது ஆர்.என்.ஏ. என்ற பொருள் உண்டாக வேண்டும் என்று படித்திருப்பீர்கள். பீரியட் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. நாளுக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. சில மணி நேரம் பின்தங்கி பெர் புரதமும் கூடிக் குறைகிறது. இன்னும் முக்கியமானது: பெர் பழுதான ஈயில் அதன் தூதும் இவ்வாறு ஏறி இறங்குவதில்லை. எனவே அந்தப் புரதம் தன்னை உண்டாக்கும் மரபணுவையே எப்படியோ கட்டுப்படுத்துகிறது.

இதை நமக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனியாக்கிப் பார்ப்போம். உயிரணுவின் உட்கரு, கம்பெனியின் அலுவலகம். டிசைன் புத்தகம் அங்கேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கும், வெளியே வராது. அலுவலகத்தில் இரண்டு எழுத்தர்கள் இருக்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்து ஆர்டர் சீட்டு எழுதித் தையல் கூடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. சீட்டு என்பது தூது ஆர்.என்.ஏ. தைத்து வரும் பனியன் என்பது பெர் புரதம். பனியன் போதிய அளவு சேர்ந்ததும் ஒரு கட்டு அலுவலகத்துக்குள் போய் எழுத்தர்களின் கையைப் பிடித்துக்கொள்கிறது. "போதும்" என்பது பொருள். சீட்டு நின்றுவிடுகிறது. கையிருப்பு நாளாவட்டத்தில் தீர்ந்ததும் எழுத்தர்களின் கை விடுபடுகிறது. மீண்டும் சீட்டு, மீண்டும் பனியன்.

இதை எதிர்ப் பின்னூட்டம் என்பர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வும் எதிர்ப் பின்னூட்டமே. ஆனால் தொட்டியில் நீர்மட்டம் ஏறி இறங்குவதில்லை. ஒரே அளவில் நிற்கிறது. பிறகு உயிரணுவில் மட்டும் அலைவு எங்கிருந்து வருகிறது? தாமதத்திலிருந்து வருகிறது. சாயத் தொட்டியில் நீராவிக் குழாயைத் திறக்கும் புதிய ஆளைப் பாருங்கள். திறந்தவுடன் வெப்பமானி ஏறுவதில்லை. எனவே இன்னும் திறக்கிறார். சிறிது நேரத்தில் சூடு மிஞ்சிவிடுகிறது. மூடுகிறார், உடனே இறங்கவில்லை என்று முழுவதும் மூடுகிறார். பிறகு ஆறிவிடுகிறது. அவருடைய தொட்டியில் வெப்பநிலை அலைபாய்ந்துகொண்டே இருக்கும். தாமதமில்லாத எதிர்ப் பின்னூட்டம் நிலைநிறுத்தும். போதிய தாமதமுள்ள எதிர்ப் பின்னூட்டம் அலைய வைக்கும். வானொலி நிலையத்து மின்சுற்றானாலும் ஈயின் மூளையானாலும் இதே விதிதான்.

பனியன் உடனே அலுவலகத்துக்குப் போய்ச் சேராமல் தாமதப்படுத்துவது யார்? யங்கின் ஆய்வுக்கூடம் இதற்கு விடை கண்டது. 1994இல் 'டைம்லெஸ்' என்ற மரபணு கிடைத்தது. அதன் புரதம் 'டிம்'. பெர் தனியாக இருந்தால் நிலைக்காது. டிம்முடன் சேர்ந்தால்தான் தாக்குப்பிடித்து உட்கருவுக்குள் நுழையும். 1998இல் 'டபுள்டைம்' என்ற மரபணு கிடைத்தது. அதன் புரதம் தனித்து அகப்படும் பெர் மூலக்கூறுகளின் மீது பாஸ்பேட் முத்திரை குத்தி அழிவுக்கு அனுப்புகிறது. கம்பெனிக் கணக்கில் சொன்னால், இது துணையின்றிக் கிடக்கும் சரக்கைக் கழித்துக் கட்டும் செக்கிங் ஆள். அவர் கழிக்கக் கழிக்க, சரக்கு சேர நேரமாகிறது. அந்த நேரமே தாமதம். அந்தத் தாமதமே நாளின் நீளம். முன்னே சொன்ன எழுத்தர் இருவரும் 'கிளாக்', 'சைக்கிள்' என்ற புரதங்கள்.

முடிச்சு அவிழ்கிறது

இப்போது ஒளியை உள்ளே விடுவோம். ஈயின் உயிரணுவில் 'கிரிப்டோகுரோம்' என்ற புரதம் நீல ஒளியை ஏற்றுக்கொண்டு டிம் புரதத்தை அழிக்கச் செய்கிறது. டிம் போனால் பெருக்குத் துணை இல்லை, அதுவும் போகும். ஒளி என்பது கிடங்கிலிருந்து சரக்கை அள்ளிச் செல்லும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னிரவில் அள்ளிச் சென்றால் என்ன ஆகும்? அப்போது ஆர்டர் சீட்டுகள் குவிந்து கிடக்கின்றன. தையல் முழுமூச்சாக நடக்கிறது. போன சரக்கை மறுபடி தைத்து நிரப்பிவிடுவார்கள். ஆனால் நிரப்ப நேரமாகும். கடிகாரம் பின்தங்குகிறது. பின்னிரவில் அள்ளிச் சென்றால்? அப்போது சீட்டு நின்று போயிருக்கும். புதிதாகத் தைப்பவர் யாருமில்லை. எப்படியும் காலையில் தீர வேண்டிய கையிருப்பு முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது. எழுத்தர்களின் கை முன்னதாகவே விடுபடுகிறது. கடிகாரம் முந்துகிறது. பகலிலோ கிடங்கில் டிம் இல்லை. அள்ள ஒன்றும் இல்லாததால் விளைவும் இல்லை. ஒரே ஒளி, மூன்று வேளைகளில் மூன்று விளைவுகள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

வௌவாலுக்கும் நமக்கும் வருவோம். பாலூட்டிகளிலும் பெர் இருக்கிறது. மூன்று வகையாக இருக்கிறது. டிம்மின் இடத்தில் வேறு கூட்டாளி. ஒளி இங்கே நேரே உயிரணுவுக்குள் நுழைவதில்லை. மண்டை ஓடு தடுக்கிறதே! விழித்திரையில், பார்ப்பதற்கான உணரிகளோடு, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில நரம்பணுக்களும் உள்ளன. ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் சச்சிதானந்த பாண்டா முதலியோர் 2002இல் கடிகாரத்தைத் திருத்துவதில் இந்நிறமியின் பங்கைக் காட்டினர். 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி இதை மிகுதியாகத் தூண்டும். அச்செய்தி, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைச் சென்றடைகிறது. அரிசி மணியைவிடச் சிறிய அந்தக் கொத்துதான் உடலின் தலைமைக் கடிகாரம். அங்கே ஒளி பெர் புரதத்தைக் குறைக்காமல் கூட்டுகிறது. ஈயில் நடப்பதற்கு இது தலைகீழ். ஆனால் பெர் குறைந்துகொண்டு வரும் முன்னிரவில் கூட்டினால் குறைவது தாமதமாகும். ஏறத் தொடங்கவிருக்கும் பின்னிரவில் கூட்டினால் ஏற்றம் முந்தும். இறுதி விளைவு ஈயில் கண்டதேதான்.

அந்தக் கொத்துதான் தலைமை என்பதை 1990இல் மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனக்கர் முதலியோர் அழகாக மெய்ப்பித்தனர். வெள்ளெலி போன்ற ஹாம்ஸ்டர் என்ற பிராணியில், 20 மணி நாள் கொண்ட ஒரு வகை கிடைத்திருந்தது. அதன் கொத்தை எடுத்து, கொத்து அகற்றப்பட்ட சாதாரண ஹாம்ஸ்டருக்குள் வைத்தார்கள். அதற்கு 20 மணி நாள் வந்துவிட்டது. அந்த 20 மணிக்குக் காரணமான மரபணு எது என்று 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தபோது, அது ஈயின் டபுள்டைமுக்கு உறவான மரபணுவாக இருந்தது. அதே செக்கிங் ஆள்! அடுத்த ஆண்டு, மாலை ஏழரை மணிக்கே உறங்கி விடியுமுன் நாலரை மணிக்கு விழித்துவிடும் ஒரு அமெரிக்கக் குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அக்குடும்பத்தாருக்கு ஒரு பெர் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. மாறிய இடம், செக்கிங் ஆள் முத்திரை குத்தும் பகுதியில் இருந்தது.

மூன்றாம் ஷிப்டு

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடியும். தொழிற்கூடத்துக் குழல்விளக்கின் கீழே ஒளிச்செறிவு சில நூறு லக்ஸ் இருக்கும். காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறாத வெளிப்புறத்திலேயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இவ்வளவு வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. இரவு விளக்கொளி அவருடைய கடிகாரத்தைச் சற்றுப் பின்னே தள்ளுகிறது. வீடு திரும்பும்போது கண்ணில் படும் காலை ஒளி, அவருடைய கடிகாரத்துக்குப் பின்னிரவு கடந்த வேளையில் விழுவதால், அதை முன்னே இழுத்துப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் பல இரவுகள் வேலை செய்தும் உடல் பகல் மனிதராகவே இருக்கிறது. கம்பெனி வேனில் வருகிறவர் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிவதும், வந்தவுடன் சன்னலுக்குக் கனத்த துணி போட்டுப் படுப்பதும் ஓரளவு பயன் தருவது இதனாலேயே. தானே வண்டி ஓட்டி வருபவருக்குக் கறுப்புக் கண்ணாடியைச் சொல்லமாட்டேன். தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து.

வயிற்றின் கதை வேறு. கல்லீரல் உட்பட உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் இதே பெர் கடிகாரம் ஓடுகிறது. அவை தலைமைக் கடிகாரத்தைப் பின்பற்றுபவை. ஆயினும் உணவு நேரம் கல்லீரலின் கடிகாரத்தைத் தன்பக்கம் இழுத்துவிடும். இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிடுபவரின் உடலில் மூளை ஒரு நேரமும் கல்லீரல் ஒரு நேரமும் காட்டும். ஓரிரு நாளில் இதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடர்வது அற்பமான செய்தியன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல், இரவு ஷிப்டு வேலையை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் அதை உறுதிசெய்தது.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பதின்ம வயதில் உயிர்க் கடிகாரம் இயல்பாகவே தாமதமாகிறது. அத்தாமதம் இருபது வயதை ஒட்டி உச்சத்தை அடைகிறது. இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று நீங்கள் சொல்வது பெற்றோர் நினைப்பதுபோல் வெறும் சாக்கு அன்று. ஆனால் அந்த நேரத்தில் கைப்பேசித் திரையை முகத்தருகே வைத்துக்கொண்டிருப்பது, முன்னிரவில் ஒளி பாய்ச்சும் சோதனையை உங்கள்மீது நீங்களே செய்துகொள்வதாகும். கடிகாரம் இன்னும் பின்தங்கும். அதே மாணவரை விடியற்காலை நான்கு மணிக்குப் படிக்க எழுப்பினால், உடல் வெப்பநிலை மிகத் தாழ்ந்த வேளையில் புத்தகத்தின் முன் உட்கார்த்துகிறோம். நான்கு மணிப் படிப்பு தவறு என்று சொல்லவில்லை. எட்டு மணிக்கே விளக்கணைத்து உறங்கி, எழுந்ததும் நல்ல வெளிச்சத்தில் உட்காரும் வீட்டில் சில வாரங்களில் கடிகாரமே முன்னே வந்துவிடும். பதினொன்றரைக்குப் படுத்து நான்குக்கு எழுவதுதான் கணக்கில் உதைக்கிறது.

இன்னொரு கணக்கு நூற்பாலைகளில் ஷிப்டு அட்டவணை போடுபவர்களுக்கு. வெளியுலகத் தொடர்பின்றி ஓடவிட்டால் மனிதனின் நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்தனர். சற்றே நீளம். ஆகவே நம் கடிகாரத்தைப் பின்னே தள்ளுவது எளிது. முன்னே இழுப்பது கடினம். வாராவாரம் ஷிப்டு மாறியே தீர வேண்டுமென்றால், முதல் ஷிப்டிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டிலிருந்து மூன்றாவதுக்கும் செல்வது உடலின் போக்கோடு செல்வது. மூன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் மாற்றுவது அதை எதிர்த்துச் செல்வது. ஆட்களும் அவர்களே, வேலை நேரமும் அதுவே. அட்டவணையை எழுதும் வரிசை மட்டும்தான் வேறு.